நாடும் நடுவும்: நம் பேச்சை அளந்து வைப்போம்

(பெரம்பலூர், அரியலூர் மாவட்டத் தமிழாசிரியர்கள், கல்லூரி மாணவர்கள் முன் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பேச்சைத் தொடங்கும் முன் உங்களுக்கு ஒரு சிறு வேலை. ஆள்காட்டி விரலை உதட்டுக்கு நேராக, தொடாமல் வைத்துக்கொள்ளுங்கள். இப்போது 'நடு' என்று சொல்லுங்கள். கடைசியில் உதடு குவிந்து விரல் பக்கம் வருகிறது, இல்லையா? அடுத்து, வீட்டில் பேசுகிற மாதிரியே 'நாடு' என்று சொல்லுங்கள். உதடு குவியவில்லை. இருந்த இடத்திலேயே இருக்கிறது. எழுத்தில் இரண்டுக்கும் அதே 'டு'தான். வாயில் இரண்டும் வேறு வேறு. 'நடு'வில் இருப்பது முற்றியலுகரம், ஒரு மாத்திரை. 'நாடு'வில் இருப்பது குற்றியலுகரம், அரை மாத்திரை. பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்துபோன இலக்கணம் இப்போது உங்கள் விரல் நுனியில் இருக்கிறது.

இந்த வேறுபாட்டை இன்று கணினித் திரையில் கண்ணால் பார்க்கலாம். ஓர் உகரம் எத்தனை மில்லிசெக்கண்டு நீண்டது, உதடு குவிந்ததா இல்லையா என்று எண்களாக எழுதி வைக்கலாம். இதற்குப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டாம். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் போர்ஸ்மா, டேவிட் வேனிங்க் என்ற இருவர் உருவாக்கிய 'ப்ராட்' என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. டச்சு மொழியில் அந்தச் சொல்லுக்குப் 'பேச்சு' என்றுதான் பொருள். சாதாரண மடிக்கணினியிலேயே அது ஓடும்.

அளக்கும் கருவி இப்படிக் கைக்கு எட்டிவிட்டது. ஆனால் அளக்கத் தகுந்த ஒலிப்பதிவு அவ்வளவு எளிதில் கிடைப்பதில்லை. அதனால் ஒலிப்பதிவு எடுப்பது, அதைப் பக்குவப்படுத்துவது, பிறகு அளப்பது ஆகிய மூன்றையும் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். அந்த வேலையை இந்த இரு மாவட்டங்களில் நாமே தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளத்தான் வந்திருக்கிறேன்.

அளவு என்பது நமக்குப் பழைய சொல்

தொல்காப்பியத்தின் எழுத்ததிகாரத்தில் மூன்றாவது இயல் பிறப்பியல். உந்தியில் தோன்றும் காற்று தலையிலும் மிடற்றிலும் நெஞ்சிலும் நிலைபெற்று, பல்லும் இதழும் நாவும் மூக்கும் அண்ணமும் பொருந்த வெவ்வேறு எழுத்தொலியாகப் பிறக்கிறது என்று அது வகுக்கிறது. இயலின் முடிவில் ஆசிரியர் தம் எல்லையையும் சொல்லிவிடுகிறார். உடலுக்குள்ளே எழும் காற்றின் ஓசையை அளந்து கொள்வது வேறு துறை என்று அதை ஒதுக்கிவிட்டு, வெளியே வந்து ஒலித்துப் பொருள் தெரியவைக்கும் காற்றோசையின் அளவையே தாம் சொன்னதாக முடிக்கிறார். அவர் அங்கே ஆள்வது 'அளபு' என்ற சொல். இன்றைய ஒலி இயற்பியலும் அதே இடத்தில்தான் நிற்கிறது. வாயை விட்டு வெளியே வந்த காற்றின் அதிர்வை மைக்கில் பிடித்து, அதன் அளவைச் சொல்கிறது.

அவர் கையில் இருந்த அளவுகோல் கண்ணிமையும் கைநொடியும். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை, குற்றியலுகரத்துக்கும் அரை. கருவி இல்லாத காலத்தில் காதை மட்டும் நம்பிச் செய்த பாகுபாடு இது. டி. பாலசுப்பிரமணியன் என்ற ஒலியியல் அறிஞர் 1981-இல் தமிழ் உயிர்களின் நீளத்தைக் கருவிகொண்டு அளந்து கட்டுரை எழுதினார். பேச்சில் நெடில் குறிலைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு நீள்கிறது என்பதைக் கருவியும் காட்டுகிறது.

நம் மண்ணிலேயே இன்னொரு சான்று இருக்கிறது. அரியலூர் மாவட்டத்தில், கொள்ளிடக் கரைக்கு அருகில் உள்ள ஏலாக்குறிச்சிக்கு அடைக்கல மாதா கோயிலுக்காகப் போயிருப்பீர்கள். வீரமாமுனிவர் பல ஆண்டுகள் வாழ்ந்த ஊர் அது. இத்தாலியில் பிறந்த அவர் தமிழைக் காதால் கேட்டுத்தான் கற்க வேண்டியிருந்தது. செந்தமிழுக்கு இலக்கணம் எழுதியதோடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. மக்கள் பேசும் தமிழுக்கென்று தனியாக ஓர் இலக்கணத்தை லத்தீனில் எழுதி 1728-இல் முடித்தார். அது 1738-இல் தரங்கம்பாடியில் அச்சானது. கொடுந்தமிழ் இலக்கணம் என்று நாம் சொல்வது அதைத்தான்.

அவர் பெயரால் வழங்கும் எழுத்துச் சீர்திருத்தத்தையும் எண்ணிப் பாருங்கள். ஏட்டில் எகர ஒகரக் குறிலுக்குப் புள்ளி வைப்பது பழைய முறை. ஏட்டில் எழுதுவோர் பெரும்பாலும் புள்ளி வைப்பதில்லை. அதனால் குறிலா நெடிலா என்று படிப்பவர்தான் ஊகிக்க வேண்டும். நெடிலுக்குத் தனி வடிவம் கொடுத்து அந்தக் குழப்பத்தை அவர் தீர்த்தார். காதில் இரண்டாகக் கேட்பது எழுத்தில் ஒன்றாக இருக்கலாமா என்ற கேள்விதான் அதன் வேர். 'நாடு', 'நடு' இரண்டையும் வைத்துக்கொண்டு நாம் இன்று கேட்பதும் அதே கேள்வி.

தொண்டையும் வாயும் ஒரு குழல்

அளப்பது எதை? மூன்றைப் புரிந்துகொண்டால் போதும். காலம், சுருதி, வாயின் வடிவம்.

காலம் எளிது. ஒலி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதுதான். 'படம்', 'பட்டம்' இரண்டையும் சொல்லிப் பாருங்கள். 'பட்டம்' என்னும்போது நாக்கு அண்ணத்தில் ஒட்டி, காற்று அடைபட்டு நிற்கிறது. திரையில் அது வெறும் இடைவெளியாகத் தெரியும். 'படம்' என்னும்போது நாக்கு தட்டிவிட்டுப் போய்விடுகிறது. இரண்டையும் அளந்தால் இரட்டித்த மெய்யின் அடைப்பு ஒற்றையைவிட இரண்டு மடங்குக்கும் மேல் நீண்டிருக்கும்.

சுருதி என்பது குரல் நாண்கள் ஒரு செக்கண்டுக்கு எத்தனை முறை திறந்து மூடுகின்றன என்ற கணக்கு. வளர்ந்த ஆணுக்குப் பேச்சில் சுமார் 120 முறை, பெண்ணுக்கு 200-க்கு மேல், குழந்தைக்கு 300 அளவில். 'வந்தாச்சா?' என்ற கேள்விக்கும் 'வந்தாச்சு' என்ற பதிலுக்கும் சுருதி ஏறி இறங்கும் விதம் வேறு. ஓர் ஊர்க்காரர் பேச்சை வெளியூர்க்காரர் 'இழுவை' என்று சொல்கிறாரே, அதை அளக்கும் இடமும் இதுதான்.

மூன்றாவதுதான் சுவையானது. குரல் நாணிலிருந்து உதடு வரை வளர்ந்த ஆணுக்குச் சுமார் 17 சென்டிமீட்டர் நீளம். ஒரு முனை மூடி மறுமுனை திறந்த குழல் என்று வைத்துக்கொண்டு, உடல் வெப்பத்தில் ஒலியின் வேகத்தை நொடிக்கு 350 மீட்டர் என்று கொண்டால், அதன் முதல் ஒத்ததிர்வு 500 ஹெர்ட்ஸை ஒட்டி வரும். அடுத்தது 1500, அதற்கடுத்தது 2500. இந்த ஒத்ததிர்வுப் பட்டைகளைத்தான் ஃபார்மன்ட் என்கிறோம். நாக்கையும் உதட்டையும் அசைக்கும்போது குழலின் வடிவம் மாறுகிறது, பட்டைகளும் இடம் மாறுகின்றன. வாய் அகலத் திறந்தால் முதல் பட்டை மேலே ஏறும். நாக்கு முன்னே போனால் இரண்டாவது ஏறும். உதடு குவிந்தால் இரண்டாவது இறங்கும். 'நடு'வின் உகரத்தில் இரண்டாம் பட்டை தாழ்ந்திருப்பதும், 'நாடு'வின் உகரத்தில் உயர்ந்திருப்பதும் இதனால்தான். உங்கள் விரல் நுனியில் உணர்ந்தது திரையில் ஒரு கோட்டின் ஏற்ற இறக்கமாகத் தெரியும். இப்படி ஒலியைப் படமாக்கும் ஸ்பெக்ட்ரோகிராஃப் கருவி அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பிறந்தது. பேச்சைக் கண்ணால் காண்பது பற்றி அங்கிருந்தவர்கள் எழுதிய நூல் 1947-இல் வெளிவந்தது.

நம் ழகரத்தை இதில் பார்த்தாக வேண்டும். ர, ற, ல, ள, ழ என்று இத்தனை இடையொலிகளை ஒரே மொழியில் வைத்துக்கொண்டிருப்பது உலக ஒலியியலாருக்கு வியப்பு. ஸ்ரீகாந்த் நாராயணன், டேனி பேர்ட், அபிகெயில் கான் மூவரும் இந்த ஐந்தையும் எம்.ஆர்.ஐ. படம் எடுத்தும், நாக்கின் அசைவைக் கருவிகளால் தொடர்ந்தும் ஆராய்ந்து 1999-இல் அமெரிக்க ஒலியியல் கழகத்தின் இதழில் எழுதினார்கள். ழகரத்தில் மூன்றாவது பட்டை நன்றாகத் தாழ்கிறது. ளகரத்தில் அப்படித் தாழ்வதில்லை. வழி, வளி, வலி மூன்றையும் ஒருவர் சொல்லக் கேட்டு, மூன்றாம் பட்டையை அளந்தால் அவர் பேச்சில் ழகரமும் ளகரமும் தனித்தனியாக இருக்கின்றனவா, கலந்துவிட்டனவா என்று தெரிந்துவிடும். 'இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ழகரமே வரவில்லை' என்று மேடைக்கு மேடை வருந்துகிறோம். தாத்தாவையும் பேத்தியையும் ஒரே வீட்டில் பதிவு செய்து அளந்து பார்த்துவிட்டு வருந்துவோமே.

மைக் எங்கே இருக்க வேண்டும்?

இனிப் பதிவுக்கு வருகிறேன். அளவெடுப்பில் பிழை பெரும்பாலும் இங்கேதான் நுழைகிறது. மென்பொருள் எந்தக் கோப்பைக் கொடுத்தாலும் ஏதோ ஓர் எண்ணைத் தந்துவிடும். அந்த எண் பேசியவரின் வாயைச் சொல்கிறதா, மேலே சுற்றும் மின்விசிறியைச் சொல்கிறதா என்பது அதற்குத் தெரியாது.

முதலில் இடம். அரியலூர்ச் சாலையில் சிமெண்டு லாரிகள் போகும் உறுமல் கதவைச் சாத்தினாலும் உள்ளே வரும். தாழ்ந்த அதிர்வெண் சுவரைத் துளைக்கும். பெரம்பலூர்ப் பக்கம் மக்காச்சோள அறுவடைக் காலத்தில் கதிரடிக்கும் இயந்திரம் ஓடும். அதனால் நாளையும் நேரத்தையும் தேர்ந்துதான் போக வேண்டும். வீட்டுக்குள் போனதும் மின்விசிறி, குளிர்சாதனப் பெட்டி, தொலைக்காட்சி மூன்றையும் வீட்டுக்காரரிடம் கேட்டு நிறுத்திவிடுங்கள். பிறகு அறையின் நடுவே நின்று ஒரு முறை கைதட்டுங்கள். தட்டிய ஓசை உடனே அடங்கினால் நல்ல அறை. 'ஞய்ங்' என்று நீண்டால் அங்கே பதிவு வேண்டாம்.

தளம் போட்ட, சாமான் இல்லாத பெரிய கூடம் பார்க்க அழகாக இருக்கும், ஒலிக்கு அது ஆகாது. நெல் மூட்டையோ பருத்திப் பொதியோ அடுக்கி வைத்த சிறிய அறை ஒலிக்கு மிக நல்லது. மூட்டையும் பொதியும் ஒலியை விழுங்கிவிடும். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வாலஸ் சபைன் என்ற இளம் பேராசிரியர் 1890-களில் செய்த ஆய்வும் இதுதான். பேசினால் எதிரொலித்துக் குழம்பும் ஓர் அரங்குக்குள் இரவு நேரத்தில் வேறொரு மண்டபத்தின் இருக்கை மெத்தைகளைச் சுமந்துவந்து அடுக்கி, எத்தனை மெத்தைக்கு எதிரொலி எவ்வளவு குறைகிறது என்று அளந்தார். கட்டட ஒலியியல் என்ற துறையே அதிலிருந்து பிறந்தது. மெத்தை இல்லாத வீட்டில் போர்வையும் ஜமுக்காளமும் உதவும்.

அடுத்து தூரம். மேசை மைக் என்றால் வாயிலிருந்து ஒரு சாண். தலையில் மாட்டும் மைக் என்றால் உதட்டோரத்திலிருந்து மூன்று விரற்கடை, சற்றே பக்கவாட்டில். நேர் எதிரே வைத்தால் பகரம் சொல்லும்போது வரும் காற்று மைக்கில் மோதி இரையும். தூரம் இரண்டு மடங்கானால் குரலின் அளவு சுமார் 6 டெசிபல் குறையும், அறையின் இரைச்சலோ அப்படியே இருக்கும். பேசுகிறவர் ஆர்வத்தில் முன்னும் பின்னும் ஆடினால் ஒலி அளவை நம்ப முடியாது. அதனால் தலையில் மாட்டும் மைக் கிடைத்தால் அதுவே நல்லது.

மின்சாரத்தையும் கவனியுங்கள். நம் நாட்டு மின்னோட்டம் 50 ஹெர்ட்ஸ். சார்ஜரைச் செருகிக்கொண்டே பதிவு செய்தால் 50-இலும் அதன் மடங்கான 100-இலும் ஒரு மெல்லிய ரீங்காரம் ஏறிவிடும். ஆண்குரலின் சுருதி அந்த 100-ஐ ஒட்டித்தான் இருக்கிறது. மென்பொருள் ரீங்காரத்தைக் குரலென்று எண்ணி ஏமாறும். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு மின்கலத்தில் ஓட்டுங்கள்.

எந்த வடிவத்தில் சேமிப்பது? வேவ் கோப்பாக, ஒற்றைத் தடத்தில், 44,100 ஹெர்ட்ஸ், 16 பிட். காது கேட்கும் எல்லை 20,000 ஹெர்ட்ஸ். அதைப் பிடிக்க நொடிக்கு அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் மாதிரிகள் எடுக்க வேண்டும். 16 பிட் என்றால் ஒவ்வொரு மாதிரிக்கும் 65,536 படிநிலைகள். இப்படி ஒரு மணி நேரப் பதிவு சுமார் 318 எம்பி வரும். இடம் மிச்சம் பிடிக்கிறேன் என்று எம்பி3-ஆக மாற்றாதீர்கள். காதுக்குத் தேவையில்லை என்று தான் கருதுவதையெல்லாம் அது வெட்டிவிடும். வாட்ஸ்ஆப் குரல் செய்தியும் அப்படிச் சுருக்கப்பட்டதுதான். பழைய தொலைபேசித் தடம் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரை மட்டுமே விடும். சகரத்தின் சீறல் பெரும்பாலும் அதற்கு மேலேதான் இருக்கிறது. கைப்பேசியில்தான் பதிவு செய்ய முடியும் என்றால், இரைச்சல் நீக்குதல், ஒலியளவைத் தானே கூட்டிக் குறைத்தல் ஆகியவற்றை நிறுத்தக்கூடிய, வேவ் கோப்பாகச் சேமிக்கும் செயலியில் பதிவு செய்யுங்கள். குரல் உச்சத்தில் போகும்போதும் அளவுமானி சிவப்பைத் தொடக் கூடாது. தொட்டால் அலையின் தலை வெட்டுப்படும். வெட்டுப்பட்டதை எந்த மென்பொருளும் உள்ளபடி மீட்டுத் தராது.

பேசுகிறவர் முன்னால்

கருவி தயார். எதிரே ஒரு பாட்டி உட்கார்ந்திருக்கிறார். அவர் கையில் காகிதத்தைக் கொடுத்து 'படிங்க பாட்டி' என்று சொன்னால் என்ன நடக்கும்? படிக்கத் தெரிந்தவர் என்றால் மேடைத் தமிழில் படிப்பார். 'வந்துட்டிருக்காங்க' என்று வாழ்நாள் முழுக்கச் சொன்னவர் 'வந்துகொண்டிருக்கிறார்கள்' என்று எழுத்தெழுத்தாகச் சொல்வார். எழுத்துத் தமிழும் பேச்சுத் தமிழும் இத்தனை விலகி நிற்கும் மொழியில், படிக்கவைத்துப் பதிவு செய்தால் பதிவாவது படிப்பு, பேச்சு அன்று. 'அவன் வந்தான்' என்று படிக்கும்போது நுனிநா அண்ணத்தைத் தொட்டு னகரம் முழுதாக ஒலிக்கும். பேசும்போது நாக்கு தொடுவதில்லை. ஆகாரமே மூக்கொலி ஏறி முடிகிறது. இதைப் பேச்சில்தான் பிடிக்க முடியும்.

அதனால் கேளுங்கள். முதன்முதலில் சின்ன வெங்காயம் நட்டது எப்படி, மழை பொய்த்த ஆண்டு வீட்டில் என்ன சமைத்தீர்கள், ஏரி நிரம்பிய நாள் எப்படி இருந்தது என்று கேளுங்கள். கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். 'உம்' கூடக் கொட்டாதீர்கள், தலையை மட்டும் ஆட்டுங்கள். அவர் 'வாளப்பளம்' என்று சொன்னால் திருத்தாதீர்கள். அந்த நேரத்தில் நாம் தமிழாசிரியர் அல்லர், கேட்க வந்தவர்.

சொற்களை ஒப்பிட்டு அளக்க வேண்டுமானால் அதற்குத் தனியாக ஒரு சட்டகம் வேண்டும். இங்கேதான் தமிழாசிரியர்களின் அறிவு வேலைக்கு வருகிறது. 'நாடு' என்பதற்குப் பின் 'எங்கே' என்று வைத்தால் 'நாடெங்கே' ஆகி உகரமே கெட்டுவிடும். 'யாது' என்று வைத்தால் 'நாடியாது' என்று குற்றியலிகரம் ஆகிவிடும். இலக்கணம் அறியாத ஆய்வாளர் இப்படி வைத்துவிட்டு, உகரத்தைக் காணோமே என்று தேடுவார். 'இப்ப நாடு சொல்லுங்க', 'இப்ப நடு சொல்லுங்க' என்று வைத்தால் உகரமும் நிற்கும், அடுத்து வரும் சகரத்தின் சீறல் திரையில் தெளிவாக எல்லை காட்டும். ஒவ்வொன்றையும் ஐந்து முறை, வரிசையைக் கலைத்துக் கலைத்துக் கேளுங்கள். வரிசையாகக் கேட்டால் பாட்டுப் போல ஆகிவிடும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒப்புதல் பெற வேண்டும். எதற்காகப் பதிவு, யார் கேட்பார்கள், எவ்வளவு காலம் இருக்கும், வேண்டாமென்றால் எப்போது வேண்டுமானாலும் அழித்துவிடலாம் என்பதை அவர் மொழியில் சொல்லி, சம்மதம் வாங்குங்கள். குரலும் ஒருவரின் சொந்தத் தரவுதான். 2023-இல் தனிநபர் எண்மத் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்துவிட்டது. சட்டம் இல்லாவிட்டாலும் நம்மை நம்பி வாய் திறந்தவருக்கு நாம் பட்ட கடன் இது.

விவரக்குறிப்பையும் அங்கேயே எழுதிவிடுங்கள். வயது, பிறந்த ஊர், வாழ்க்கைப்பட்ட ஊர், தாயின் ஊர், படிப்பு, வெளியூரில் வேலை பார்த்த ஆண்டுகள். பல் இருக்கிறதா என்பதையும், பேசும்போது வாயில் வெற்றிலை இருந்ததா என்பதையும் எழுதுங்கள். முன்பல் இல்லாதவரின் தகரமும் சகரமும் மாறும். பின்னால் வருகிற ஆய்வாளர் அதை ஊர் வழக்கு என்று எண்ணிவிடக் கூடாது. பெயரைத் தனி ஏட்டில் வைத்துக்கொண்டு, கோப்புக்கு எண் மட்டும் கொடுங்கள்.

பதிவுக்குப் பிறகு

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை, மூலக் கோப்பை இரண்டு இடங்களில் படியெடுத்து வைப்பது. அதற்குப் பின் மூலத்தைத் தொடவே கூடாது. இரைச்சலைக் குறைப்பது, ஒலியைக் கூட்டுவது, வெட்டுவது எல்லாம் படியில்தான். இரைச்சல் நீக்கும் மென்பொருள் குரலின் மெல்லிய பகுதிகளையும் சேர்த்துத் துடைத்துவிடும். கேட்பதற்கு இனிமையாகிவிட்ட அந்தக் கோப்பு அளப்பதற்கு உதவாது.

பிறகு எழுத்தாக்கம். ப்ராட்டில் ஒலி அலைக்குக் கீழே பல அடுக்குகளில் எழுதலாம். முதல் அடுக்கில் காதில் கேட்டபடி, 'வந்துட்டிருக்காங்க'. இரண்டாவதில் எழுத்து வழக்கில், 'வந்துகொண்டிருக்கிறார்கள்'. முதலாவது இல்லாவிட்டால் பேச்சு தொலைந்துவிடும். இரண்டாவது இல்லாவிட்டால் நாளை தேடும்போது சொல் அகப்படாது. மூன்றாவது அடுக்கில் அளக்க வேண்டிய ஒலியின் தொடக்கத்தையும் முடிவையும் குறியுங்கள்.

அளக்கும்போது மென்பொருளில் ஓர் அமைப்பைப் பார்த்தே ஆக வேண்டும். ஐந்து ஃபார்மன்டுகளை எந்த உச்சவரம்புக்குள் தேடுவது என்று அது கேட்கும். ஆண்குரலுக்கு 5000 ஹெர்ட்ஸ், பெண்குரலுக்கு 5500, குழந்தைக்கு இன்னும் மேலே. பெண்ணின் வாய்க்குழல் நீளம் குறைவு, அதனால் பட்டைகள் மேலே இருக்கும். ஆணுக்கு வைத்த அளவிலேயே பெண்ணை அளந்தால் எண்கள் தாவும். உயிரின் நட்டநடுவில் அளவெடுத்து, நீளம், முதல் பட்டை, இரண்டாம் பட்டை என்று மூன்றையும் எழுதுங்கள். வேகமாகப் பேசுகிறவரும் நிதானமாகப் பேசுகிறவரும் இருப்பதால், சொல் முழுவதன் நீளத்தையும் பக்கத்தில் எழுதுங்கள். பிறகு உங்கள் நண்பரிடம் கொடுத்து, உங்கள் எண்களைக் காட்டாமல், அவரையும் அளக்கச் சொல்லுங்கள். இருவர் அளவும் ஒத்துவந்தால் மட்டும் அதைக் கணக்கில் எடுங்கள்.

ஏன் இங்கே, ஏன் இப்போது?

வெள்ளையர் ஆட்சியில் கிரியர்சன் நடத்திய இந்திய மொழிக் கணக்கெடுப்பு சென்னை மாகாணத்தை முழுதாக எட்டவில்லை. பிறகு இம்மாகாண மொழிகளைக் கிராமபோன் தட்டுகளில் பதிவு செய்தார்கள். பெரும்பாலும் விவிலியத்தின் ஊதாரி மைந்தன் கதையை மொழிக்கு மொழி சொல்லச் சொல்லி எடுத்த பதிவுகள். 1964-இல் லிஸ்கர், ஆப்ராம்சன் என்ற இருவர் 11 மொழிகளின் வல்லொலிகளை அளந்து எழுதிய கட்டுரை உலகப் புகழ் பெற்றது. அந்தப் பதினொன்றில் தமிழும் ஒன்று. நமக்குப் பெருமைதான். ஆனால் ஒவ்வொரு மொழிக்கும் அவர்கள் கேட்ட குரல்கள் மிகச் சில.

இன்று நிலை மாறியிருக்கிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் தமிழ்த் தொகுப்பில் 531 பேரின் குரல், சுமார் 150 மணி நேரம் இருக்கிறது. அது படித்துப் பதிவு செய்தது. சென்னை ஐ.ஐ.டி.யின் 'ஏஐ4பாரத்' குழு 2024-இல் வெளியிட்ட தொகுப்பு 22 மொழிகளில், 145 மாவட்டங்களில் எடுத்தது. அதில் முக்கால் பங்கு மக்கள் தாமாகப் பேசிய பேச்சு. இவை நாடு தழுவிய பெரும்பணிகள். ஆனால் குன்னத்துக்காரரும் ஆண்டிமடத்துக்காரரும் ஒரே சொல்லை எப்படி வேறாகச் சொல்கிறார்கள் என்பதை அந்த ஊர் மனிதர்தான் கவனித்துக் கேட்பார். வங்கியிலும் மருத்துவமனையிலும் அரசு உதவி எண்ணிலும் நாளை மனிதர் பேச்சைக் கேட்டுப் பதில் சொல்லப்போவது இயந்திரம். எந்தப் பேச்சைக் கேட்டுப் பழகியதோ அதைத்தான் இயந்திரம் புரிந்துகொள்ளும். எங்கள் பாட்டி பேசுவது அதற்குப் புரியவில்லை என்றால், குறை பாட்டியிடம் இல்லை. அவர் பேச்சை யாரும் பதிவு செய்யவில்லை என்றுதான் பொருள்.

உ.வே. சாமிநாதையர் சிறு வயதில் அரியலூரிலும் குன்னத்திலும் இருந்து தமிழ் படித்தவர் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. பின்னாளில் ஊர் ஊராக அலைந்து ஏடுகளைத் தேடினார். ஏட்டில் உள்ளதை உள்ளபடி காட்டி, பாடபேதங்களைக் குறித்து, எங்கே கிடைத்தது என்பதையும் பதிவு செய்தார். ஒலிப்பதிவுக்கும் அதே ஒழுக்கம்தான் வேண்டும். ஏடாவது பரணில் நூறு ஆண்டு காத்திருந்தது. குரல் மனிதரோடு போய்விடும்.

ஒரு கணக்குச் சொல்லி முடிக்கிறேன். பெரம்பலூர் மாவட்டத்தில் பெரம்பலூர், குன்னம், வேப்பந்தட்டை, ஆலத்தூர் என நான்கு வட்டங்கள். அரியலூர் மாவட்டத்தில் அரியலூர், உடையார்பாளையம், செந்துறை, ஆண்டிமடம் என நான்கு. வட்டத்துக்குப் பன்னிரண்டு பேர், மூன்று தலைமுறை, ஆணும் பெண்ணும் சரிபாதி, ஆளுக்கு ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 96 மணி நேரம். சுமார் 31 ஜிபி. கடையில் வாங்கும் 64 ஜிபி பென்டிரைவில் பாதிதான் நிறையும். இரு மாவட்டங்களின் இன்றைய பேச்சும் அந்த விரலளவுப் பொருளுக்குள் அடங்கிவிடும்.

வரும் ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டில் வயதில் மூத்தவர் எதிரே உட்காருங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். சார்ஜரைப் பிடுங்குங்கள். அனுமதி கேளுங்கள். தேதியையும் ஊரையும் சொல்லிப் பதிவைத் தொடங்குங்கள். பிறகு அவரைப் பேசவிடுங்கள்.